டெக்கில் ஒரு பனங்கிழங்கு

எதிராளி இன்னும் யோசித்துக்கொண்டிருந்தான். யோசிக்கட்டும், திருடிக்கொண்டு வந்தவனுக்கு யோசனை கூடுதலாகத்தான் வேண்டும் என்று முப்பிடாதி உப்பு ஜாடியில் சாய்த்து வைத்திருந்த போனை முறைத்தாள். அடுப்பில் கறி கொதித்தது. ஞாயிற்றுக்கிழமை முற்பகல், சங்கரன்கோவிலில் எல்லா வீட்டிலும் இந்நேரம் இதே வாசம்தான் வரும். ஆனால் எந்த வீட்டு அடுப்படியிலும் இப்படி ஒருத்தி கரண்டியைப் பிடித்தபடி போனில் ஓடுகிற கடிகாரத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க மாட்டாள். ஆழிக்களம் என்கிற இந்தப் போன் கார்டாட்டத்தில் ஆட்டத்துக்கென்று ஆளுக்கு ஒரு நேரம் உண்டு, அதை யாரும் எப்படியும் செலவழிக்கலாம். இவள் தன் முறை வந்தால் மிளகாய் கிள்ளுகிற வேகத்தில் கார்டை இறக்கிவிட்டுப் போவாள். எதிரே இருப்பவன் இரண்டு பாம்புக் கார்டுகளை இறக்கிவிட்டு முறையை முடிக்காமல் உட்கார்ந்திருக்கிறான். அவன் பக்கத்துக் கடிகாரம் தேய்ந்துகொண்டே வருகிறது. அவனுக்கு ஏழு உயிர் மிச்சம், இவளுக்கு மூன்று. இவள் பக்கம் கல்யானை நிற்கிறது. இறக்கிய கார்டு ஒரு சுற்று தூங்கும், அதற்குப் பிறகுதான் அடிக்கும். யானை தூங்கி முடித்துவிட்டது, அவன் பாம்புகள் இப்போதுதான் தூங்கப் போகின்றன. அடுத்த முறை யானை அடித்தால் ஏழு அடி, சரியாக ஏழு, அதோடு அவன் கதை முடிந்தது. அப்புறம் மதுரை. இந்தச் சுற்றில் ஜெயிக்கிற எட்டுப் பேரையும் மதுரைக்குக் கூப்பிட்டு, மேடையில் உட்கார வைத்து, மைக்கில் பேரைச் சொல்லி ஆட விடுவார்கள். முப்பிடாதி என்று மைக்கில் சொல்வார்கள். நினைக்கும்போதே இனித்தது, உடனே அதன் மேல் கோபமும் வந்து உட்கார்ந்தது, ஏனென்றால் அவன் வைத்திருக்கிற கார்டுக் கட்டு, அந்த டெக், அவளுடையது.

அவளுடையதேதான். முதல் முறையில் அவன் உப்புக்காரியை இறக்கியபோது, சரி, யாரோ ஒருவன் விவரம் தெரியாமல் வைத்திருக்கிறான் என்று நினைத்தாள். உப்புக்காரியை யாரும் தொட மாட்டார்கள். நமக்கு உயிர் குறையக் குறைய அவள் நம் பெரிய கார்டுகளின் விலையைக் குறைப்பாள், அடி வாங்கினால்தான் பிரயோஜனம். அடி வாங்குவதற்கென்று எவன் டெக் கட்டுவான்? முப்பிடாதி கட்டினாள். உப்புக்காரியை முன்னால் விட்டு, அடியை வாங்கி, மற்றவர்கள் கடைசியில் இறக்குகிற கல்யானையைப் பாதி ஆட்டத்திலேயே இறக்குகிற வித்தை அவளுக்குப் பல் தேய்க்கும்போது தோன்றியது. அன்று முழுக்க அவள் வேறெதையும் யோசிக்கவில்லை, சோற்றை இரண்டு முறை வடித்தாள். அப்புறம் மூன்று மாதம், ஒரு கார்டை எடுத்து, ஒரு கார்டை வைத்து, தோற்று, மறுபடி எடுத்து. அதை இப்போது எவனோ ஒருவன் உப்புக்காரி, அப்புறம் கொம்பேறிப் பாம்பு, அப்புறம் கல்யானை என்று அதே வரிசையில் இறக்குகிறான். அவனுடைய கல்யானையை இவள் பேய்மழை விட்டு அழித்தாள், அவன் தன் பேய்மழையால் இவளுடைய முதல் யானையை அழித்தான். கண்ணாடியைப் பார்த்துக் குத்துவது மாதிரி இருந்தது. கண்ணாடிக்குள் இருப்பவன் யார் என்றும் தெரியாது. போட்டி நடத்துகிறவர்கள் சுற்று முடிகிற வரை பேரைக் காட்ட மாட்டார்கள், ஒரு மிருகத்தின் படமும் ஒரு நம்பரும் மட்டும்தான். இவளுக்கு ஆமை, அவனுக்கு நரி. சரியாகத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

"ஏளா, கறி அடிப்பிடிக்கி பாரு" என்று முன்னறையிலிருந்து புருஷன் ஐயம்பெருமாள் குரல் கொடுத்தான். அடிப்பிடித்தால் மூக்குக்குத் தெரியும், எழுந்து வந்து கிளறக் காலுக்குத் தெரியாது. "பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள், பார்க்காமல். "என்னத்தப் பாத்த, ரம்மியத்தான பாத்த" என்றான் அவன். ரம்மி. நூறு முறை சொல்லியாகிவிட்டது, இதில் பணம் கிடையாது, பந்தயம் கிடையாது என்று. சீட்டு என்றால் அவனுக்கு ஒரே சீட்டுதான். தெருவிலும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறான், எங்க வீட்டுக்காரி போன்ல ரம்மி ஆடுதா, என்னைக்கு வீட்ட விக்கப் போறாளோ என்று, சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பைப் பிடுங்கி அடுப்பில் போட வேண்டும். போனின் மேலே பட்டையாக ஒரு அழைப்பு வந்தது. ஜெயராணி. முப்பிடாதி சிவப்பை அழுத்தித் துண்டித்தாள். போன் பண்ணுகிற நேரத்தைப் பார், வெட்கங்கெட்டவள். டெக்கைத் தூக்கி எவனுக்கோ கொடுக்கிறதையும் கொடுத்துவிட்டு என்ன ஆச்சு என்று விசாரிக்கிறாள்.

ஏனென்றால் டெக்கைப் பார்த்தது உலகத்தில் ஜெயராணி ஒருத்திதான். ஐயம்பெருமாளின் தம்பி பெண்டாட்டி, ஓரகத்தி, தென்காசியில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போட்டிக்கென்று டெக்கைப் பூட்டுவதற்கு முன்னால், "அக்கா, ஒரு போட்டோ எடுத்து அனுப்பேன், பாத்துட்டுத் தாரேன்" என்று கேட்டாள். பார்த்துவிட்டுத் தருகிறாளாம், என்னமோ பாத்திரம் இரவல் வாங்குகிற மாதிரி. இவளும் அனுப்பினாள். புத்தி எங்கே போனது? ஜெயராணி அதைத் தன் தம்பிக்கு அனுப்பியிருப்பாள், சுரண்டையில் போன் கடை வைத்திருக்கிறான், இருபத்து நாலு மணி நேரமும் எதையாவது நோண்டிக்கொண்டு. நரி அவனாகத்தான் இருக்கும். இல்லையென்றால் ஏதாவது குரூப்பில் போட்டுவிட்டிருப்பாள், பாருங்க எங்கக்கா டெக்கு என்று பெருமைக்கு, இப்போது தமிழ்நாட்டில் பாதிப் பேர் உப்புக்காரியை இறக்கிக்கொண்டிருப்பார்கள். அடுத்த மாதம் ஃபார்மட் வேறு மாறுகிறது, போன வருஷத்துக் கார்டு எதையும் இனிப் போட்டியில் வைக்கக் கூடாது, கல்யானை போய்விடும், உப்புக்காரி போய்விடுவாள், இந்த டெக் செத்துப்போகும். சாவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு மேடை. அதற்குள் ஜெயராணி கைமாற்றிவிட்டாள். அவளுக்கு எதைத்தான் சொந்தமாகச் செய்யத் தெரிந்தது? கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து முப்பிடாதி என்ன செய்கிறாளோ அதுதான். இவள் ரசத்துக்குப் பூண்டை நசுக்காமல் போட்டால் அவளும் நசுக்க மாட்டாள். இவள் சேலை எடுத்தால் மறு வாரம் அதே கரை. ஒருமுறை அளவு ரவிக்கை கேட்டு வாங்கிப்போனாள். முப்பிடாதிக்கு இடது கையில் தீச்சூட்டுத் தழும்பு இருக்கிறது, அதை மறைப்பதற்காக அந்தக் கையை மட்டும் கொஞ்சம் நீளமாகத் தைக்கச் சொல்வாள். ஜெயராணி அந்த ரவிக்கையை அப்படியே டெய்லரிடம் கொடுத்து, ஒரு கை நீளம் ஒரு கை குட்டையாகத் தைத்துப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்து நின்றாள். "ஏட்டி, இது என்ன கோலம்?" என்று கேட்டதற்கு, "நீ போடுதியேக்கா, நான் ஸ்டைல்னு நெனச்சேன்" என்றாள். அன்றைக்குக் கோயில் என்றும் பாராமல் இரண்டு பேரும் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இப்போது எதற்கு அந்தச் சிரிப்பு ஞாபகம் வருகிறது? சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. திருட்டு திருட்டுதான்.

நரியின் கடிகாரம் இன்னும் தேய்ந்தது. கையில் இரண்டு கார்டு வைத்திருக்கிறான், முதுகுதான் தெரிகிறது. அவற்றால் ஒன்றும் கிழிக்க முடியாது என்று முப்பிடாதிக்கு நிச்சயமாகத் தெரியும், தெரிவதற்கான காரணத்தை நினைத்தால் காது சூடாகிறது. யானையை அழிப்பதற்கு அந்த டெக்கில் இருக்கிற ஒரே வழி பேய்மழை. பேய்மழை இரண்டு வைக்க வேண்டும் என்றுதான் கட்டினாள். வெள்ளிக்கிழமை புளி கரைத்த கையோடு போனைத் தொட்டதில் விரல் வழுக்கி, இரண்டாவது பேய்மழைக்குப் பதில் அதற்குப் பக்கத்தில் இருந்த பனங்கிழங்கு விழுந்துவிட்டது. பனங்கிழங்கு! ஆட்டத்தை முதன்முதலில் போனில் ஏற்றுகிறவனுக்கு இனாமாகக் கொடுக்கிற கார்டு, தின்றால் ஒரு உயிர் கூடும், அவ்வளவுதான், அதைப் போட்டியில் வைப்பது கல்யாண வீட்டுக்குப் பழஞ்சோறு கொண்டு போவது மாதிரி. கவனிக்காமலே போட்டோ எடுத்து, கவனிக்காமலே பூட்டியும்விட்டாள். பூட்டினால் பூட்டியதுதான், போட்டி முடிகிற வரை திறக்காது. சனிக்கிழமை முதல் ஆட்டத்தில் அது கைக்கு வந்தபோதுதான் தெரிந்தது. அப்போது வந்த ஆத்திரத்தில் அம்மிக்கல்லைத் தூக்கித் தன் தலையிலேயே போட்டுக்கொண்டிருப்பாள். யாரிடமும் சொல்லவில்லை. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தறிக்கூடத்தில் தார்க்குச்சியில் நூல் சுற்றப் போனவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். ஜெயராணி கேட்க மாட்டாள், ஆனால் நினைப்பாள். இன்றைக்கும் முதல் கையிலேயே அது வந்து நின்றது, பல்லைக் காட்டிக்கொண்டு. பிடிக்காத ஒரு கார்டை ஆரம்பத்தில் டெக்குக்கு அடியில் திருப்பி அனுப்பலாம். ஒரு விநாடி யோசிக்கவில்லை, அடியில் தள்ளினாள், முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. சரி, ஆனால் அந்தத் தப்பு இப்போது உதவுகிறது. நரியின் டெக் இவளுடைய டெக் என்றால், தப்பும் சேர்ந்துதான் போயிருக்கும், அவனிடமும் பேய்மழை ஒன்றுதான், அதையும் விட்டுவிட்டான். திருடும்போது பார்த்துத் திருட வேண்டும் தம்பி.

மறுபடி ஜெயராணி. மறுபடி துண்டித்தாள். கறியிலிருந்து ஒரு மாதிரி வாசம் வந்தது. கிளற வேண்டும். கண்ணை எடுத்தால் அவன் அந்த நேரம் பார்த்து எதையாவது இறக்குவான் என்று ஒரு பயம், இறக்கினால் என்ன, அவள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் இறக்கத்தான் செய்வான், ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. இந்தக் கார்டுகளை ஆரம்பத்தில் அவளுக்கு வாசித்துச் சொன்னது யார்? அப்போது எல்லாம் இங்கிலீஷில் இருந்தது, மகன் ஓசூருக்கு வேலைக்குப் போகும்போது பழைய போனில் இந்த ஆட்டத்தை விட்டுவிட்டுப் போனான், இவள் படத்தைப் பார்த்தே ஆடினாள், யானை என்றால் பெரிசு, பாம்பு என்றால் வேகம் என்று. ஜெயராணி பன்னிரண்டாவது வரை படித்தவள். மத்தியானம் மத்தியானம் போனில் ஒவ்வொரு கார்டாக எழுத்துக்கூட்டி வாசித்து, "அக்கா, இது செத்தா இன்னொண்ணு பொறக்குமாம்", "அக்கா, இது பாவம், இதால ஒண்ணும் முடியாது" என்று அவள்தான் சொன்னாள். உப்புக்காரியை வாசித்ததும் அவள்தான். வாசித்தால்? வாசித்தவளுக்கெல்லாம் டெக் சொந்தமா? தறியில் நூல் போட்டுக் கொடுத்தவன் சேலையைக் கட்டிக்கொண்டு போவானா? அப்படி நினைத்ததும் ஒரு திருப்தி வந்தது, வந்த வேகத்திலேயே அதற்குள் என்னவோ முள் மாதிரி குத்தியது. வெள்ளிக்கிழமை போட்டோவை அனுப்பிய பிறகு ஜெயராணி கூப்பிட்டாள். அப்போது முப்பிடாதி என்ன சொன்னாள்? கறியைக் கிளற வேண்டும். என்ன சொன்னாள்? "இது வேலைக்காவாதுட்டி, நான் பாம்பு டெக்கத்தான் குடுக்கப் போறேன்" என்றாள். உண்மையாகவே அப்படித் தோன்றித்தான் சொன்னாள், அவளுக்கு எதிலும் கடைசி வரை ஒரு நடுக்கம் இருக்கும், வாசலைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவள்தானே. இல்லை, ஜெயராணி பார்த்து எழுதிவிடக் கூடாது என்று சொன்னாளா? எதற்காகச் சொன்னோம் என்று அவளுக்கே பிடிபடவில்லை. அதற்கப்புறம் மனசு கேட்காமல் இதையே பூட்டினாள். "அப்ப நான் எப்பவும்போலக் கரிச்சான் டெக்குதான்" என்று ஜெயராணி சொன்னாள். சொன்னது இவ்வளவுதான். வேண்டாம் என்று சொன்னதால் எவனுக்கும் தூக்கிக் கொடுத்துவிடலாமா? தெருவில் போட்டதையா எடுத்தார்கள்?

மூன்றாவது முறை அழைப்பு வந்தபோது கோபம் கையை முந்திக்கொண்டது. பச்சையை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, "என்னட்டி வேணும் ஒனக்கு?" என்றாள். "அக்கா, முடிச்சிட்டியா? நீ சட்டுபுட்டுன்னு முடிச்சிருப்பன்னு தெரியும், அதான் கூப்பிட்டேன். அக்கா, அநியாயத்தக் கேளு, எனக்கு எதிர்ல இருக்கவன் நம்ம டெக்க வச்சிருக்காங்க்கா!" ஜெயராணிக்கு மூச்சு வாங்கியது. "அதே உப்புக்காரி, அதே யானை, ஒண்ணு விடாம. உன் டெக்க எவனோ களவாண்டுட்டான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது. நீ வேண்டாம்னியேன்னு நான் எடுத்தேன், நீ கட்டுனது வீணாப் போகக் கூடாதுன்னுதான். இந்த நாய் எங்க இருந்து எடுத்தான்?" முப்பிடாதி போனைப் பார்த்தாள். அழைப்புப் பட்டைக்குக் கீழே ஆட்டம் தெரிந்தது. நரி அசையாமல் நின்றது. அதன் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. "ஆமைப்படம் போட்ட களவாணிப்பயல்க்கா" என்றாள் ஜெயராணி. "விட மாட்டேன் அவன. கேக்கக் கூடாதுதான், வெளியாள்ட்ட கேட்டா தப்புதான், ஆனா உன்கிட்ட கேக்காம யார்ட்ட கேப்பேன்? ஒண்ணே ஒண்ணு சொல்லு. இந்தப் பனங்கிழங்க எப்ப எறக்கணும்? நேத்துல இருந்து யோசிக்கேன். என்னமோ கணக்கு வச்சுத்தான் வச்சிருக்க, எனக்குப் பிடிபட மாட்டேங்கி."

ஏழும் ஒன்றும் எட்டு. யானை ஏழு அடிக்கும், ஒரு உயிர் நிற்கும், அப்புறம் பாம்புகள் விழிக்கும், ஆளுக்கு மூன்று அடி, இவளிடம் இருப்பதே மூன்று. முப்பிடாதியின் தலைக்குள் இது ஒரு நொடியில் ஓடி முடிந்தது. நாக்கு நுனியில் ஒரு சொல் வந்து நின்றது, இப்ப எறக்காத, பொறுத்து எறக்கு, அவ்வளவுதான், அவள் சொன்னால் ஜெயராணி கேட்பாள், ஒரு கை நீளமாகத் தைத்துப் போட்டவள் இதைக் கேட்க மாட்டாளா? மதுரை, மேடை, மைக். சொல்லு. யாருக்கும் தெரியாது. ஆனால் ஜெயராணிக்கே தெரியாதே. தன்னை அடித்தது யார் என்று தெரியாமலே அவள் அடி வாங்கிக்கொண்டு, மறுநாள் போன் பண்ணி, அந்தக் களவாணி ஜெயிச்சிட்டாங்க்கா என்று மூக்கைச் சிந்துவாள், இவள் ஐயோ பாவம் என்க வேண்டும். ச்சீ. அடித்தால் அவளுக்குத் தெரிய அடிக்க வேண்டும், நேருக்கு நேர், முகத்தில். கோபம் மேலே ஏறி வாய் வழியாக வெளியே வந்தது. "ஆமை நாந்தாட்டி!"

தென்காசியில் ஏதோ குக்கர் ஒன்று விசிலடித்தது, அவள் வீட்டிலும் கறிதான். "நீ பாம்பு டெக்குன்னல்ல சொன்ன?" என்றாள் ஜெயராணி, குரல் சுருங்கி. "நீ கரிச்சான்னல்ல சொன்ன?" "நீ வேண்டாம்னு சொன்னப்புறம் எடுத்தது களவாக்கா?" "வேண்டாம்னா? நான் வேண்டாம்னா என் தாலியவும் எடுத்துக்கிடுவியா?" "அத யாரு எடுப்பா, உங்க வீட்டுக்காரரும்ல கூட வருவாரு" என்றாள் ஜெயராணி. வாய்தவறிச் சொல்லிவிட்டு உடனே கெஞ்சினாள், "அக்கா, அக்கா, கோவப்படாத. நான் விட்டுக் குடுத்துருதேன். தோத்துட்டேன்னு அமுக்கிருதேன். உன் டெக்கு, நீதான் மதுரைக்குப் போணும்." அப்போதுதான் முப்பிடாதிக்கு இதுவரை வந்ததெல்லாம் கோபமே இல்லை என்பது போல ஒரு கோபம் வந்தது. உள்ளங்கால் வரை சுட்டது. இவள் போடுகிற பிச்சையில் மேடை ஏற வேண்டுமா? மூன்று மாதம் சோறு தண்ணீர் மறந்து கட்டியது இவள் இரங்கிக் கொடுப்பதற்கா? "அமுக்கிப் பாரு. பஸ் ஏறி வந்து ஒன் கையை முறிச்சிருவேன். ஆடுட்டி!" "என்னத்த ஆட?" "ஒனக்குத் தோணுறத ஆடு. எங்கிட்ட கேக்காத. ஒரு தடவையாவது கேக்காம ஆடு." துண்டித்தாள்.

நரியின் கடிகாரம் கடைசிச் சொட்டுக்கு வந்துவிட்டது. இறக்கு, இறக்காதே என்று இரண்டும் சேர்ந்து நெஞ்சில் அடித்தது. பனங்கிழங்கு இறங்கியது. மண் நிறத்தில், ஒல்லியாக, ஓரத்தில் நார் தொங்க, அந்தச் சின்னக் கிழங்கு களத்தின் நடுவில் வந்து விழுந்தது. ஏழு எட்டானது. முப்பிடாதி தன் முறைக்கு ஒரு கார்டு எடுத்தாள், உப்புக்காரி, இப்போது வந்து என்ன செய்ய? யானையை வைத்து ஒரு பாம்பை மிதிக்கலாம், இன்னொரு பாம்பு கொத்தும், மூன்று போய்விடும். நான்கு இருந்தால் தப்பித்திருப்பாள். ஒரே ஒரு உயிர் கூட இருந்தால். ஒரே ஒரு பனங்கிழங்கு. அது டெக்குக்கு அடியில் கிடந்தது, இவள் தள்ளிய இடத்தில், முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் தள்ளிய இடத்தில். ஒன்றும் புரியாதவள் அதைப் பத்திரமாகக் கையில் வைத்திருந்தாள், அக்கா வைத்தால் காரணம் இருக்கும் என்று. எல்லாம் புரிந்தவள் அதை விரட்டிவிட்டாள். முதன்முறையாக முப்பிடாதி தன் கடிகாரத்தை ஓட விட்டாள். ஓடட்டும். "ஏளா, கருகுது!" என்று முன்னறை கத்தியது. "கருகட்டும்!" என்று இவள் கத்திய கத்தலில் முன்னறை டிவியின் சத்தம் தானாகக் குறைந்தது. யானையால் ஓங்கி நேராக நரியையே அடித்தாள். ஒரு உயிரோடு நரி நின்றது. முறையை முடித்தாள். பாம்புகள் விழித்தன.

ஆட்டம் முடிந்ததும் பேர்கள் திறந்தன. ஆமை இருந்த இடத்தில் முப்பிடாதி, நரி இருந்த இடத்தில் ஜெயராணி, அவள் பேரைச் சுற்றிப் பொன் நிறத்தில் ஒரு வளையம். போன் உடனே அடித்தது. எடுத்தால் அந்தப் பக்கம் அழுகை. "இப்ப எதுக்கு அழுத? ஜெயிச்சவ அழலாமா?" "நீயும் வாக்கா மதுரைக்கு. நான் தனியா எப்படி மேடையில உக்காருவேன்? எல்லாரும் கேப்பாங்கல்ல, இதப் போய் எதுக்கு வச்சன்னு கேப்பாங்கல்ல. இந்தப் பனங்கிழங்குக்கு நான் என்னக்கா சொல்ல?" முப்பிடாதி வாயைத் திறந்தாள். புளிக்கை வழுக்கியது என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். அடுப்பை அணைத்தாள். கரண்டியைச் சட்டிக்குள் விட்டுப் பார்த்தாள், அடியில் கல் மாதிரி பிடித்திருந்தது.

"எங்கக்கா வச்சதுன்னு சொல்லு" என்றாள். "அக்கான்னு மொட்டையாச் சொல்லிட்டு வந்துராத. சங்கரன்கோவில் முப்பிடாதின்னு மைக்குல முழுசாச் சொல்லணும்."

"சொல்லுதேன். காரணம் கேட்டா?"

"ஒங்களுக்கெல்லாம் புரியாதுன்னு சொல்லு."

போனை வைத்துவிட்டு, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கரண்டியால் சட்டியின் அடியைச் சுரண்ட ஆரம்பித்தாள். அந்தச் சத்தம் தெரு முனை வரைக்கும் கேட்டது.